புது போன் வந்தால் ஒரு மண்டலம் பொறுங்கள்: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாமா என்று முடிவு செய்யும் வழி

ஐபோன் 17 அறிவிப்பு வந்த மறுநாள், 2025 செப்டம்பர் 10ஆம் தேதி காலை, துபாயிலிருந்து கொழுந்தன் கூப்பிட்டார். "அண்ணி, அந்தப் பழைய போனோட இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டப் போறீங்க? லீவுக்கு வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சிமெண்ட் லாரி வாசலில் வந்து நின்றதால் தப்பித்தேன். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். அந்த யோசனை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கணக்கு உங்களுக்குப் புரியும். எங்களுக்கு ஆத்தங்குடியில் கல் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் கரண்டியால் வண்ணச் சாந்து ஊற்றி, ஒவ்வொரு தரைக்கல்லையும் கையால் செய்வோம். கல் போடுவது மாமனார், வீட்டுக்காரர், ஆட்கள். ஆர்டர், பில், கூலி, லாரி என்று மற்றதெல்லாம் நானும் என் போனும். நான்கு வருடப் பழசான ஆண்ட்ராய்டு அது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும், படம் அனுப்பினால் நிறம் சரியில்லை என்பார்கள், நடுநடுவே உறைந்து நிற்கும். புது போன் வாங்கக் காரணம் இல்லாமல் இல்லை.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், வீடியோ விமர்சனம் பார்ப்பதற்கும் முன், செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வாரம் போனை எதற்கெல்லாம் எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நான் பழைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதினேன். எழுதாமல் மனக்கணக்காகப் பார்த்தால் நமக்குப் பிடித்த வேலை மட்டும்தான் நினைவுக்கு வரும்.

ஏழாவது நாள் அட்டையைப் பார்த்தால் முக்கால்வாசி மூன்றே வேலை: வாட்ஸ்அப்பில் ஆர்டர் பேசுவது, போனில் பேசுவது, யுபிஐயில் பணம் கொடுக்கல் வாங்கல். அப்புறம் கல் ஏற்றும்போது சின்ன புளூடூத் பிரிண்டரில் பில் அடிப்பது. ஆர்கிடெக்ட் அனுப்பும் பிடிஎஃப் பார்ப்பது. கல்லைப் படம் எடுப்பது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. கொழுந்தன், அவருடைய நண்பர், காரைக்குடி கடைக்காரப் பையன் என்று வாங்கச் சொன்ன அத்தனை பேரும் பேசியது என்னவோ கேமராவைப் பற்றி மட்டும்தான். என் பட்டியலில் அது ஆறாவது.

எழுதியாயிற்றா? ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அந்தப் பக்கம் போனாலும் இதே மாதிரி நடக்கும் என்றால் ஒரு கோடு. நடக்கும், ஆனால் வேறு விதமாகப் பழக வேண்டும் என்றால் வட்டம். நடக்கவே நடக்காது என்றால் பெருக்கல் குறி. கோடு பத்து இருந்தாலும் பெருக்கல் குறி ஒன்று இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். அதற்கு மாற்று வழி கிடைத்த பிறகுதான் மேலே யோசிக்க வேண்டும்.

குறை போனில்தானா?

இந்த இடத்தில்தான் நான் நன்றாக ஏமாந்திருப்பேன். பெங்களூரிலிருந்து ஒரு ஆர்கிடெக்ட், "உங்க சிவப்பு செங்கல் நிறத்துல தெரியுது, எனக்கு நல்ல ஆத்தங்குடிச் சிவப்பு வேணும்" என்று மூன்று தடவை படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். என் கேமரா பழசு, அதனால்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

தேவகோட்டையில் இருக்கும் சித்தி மகள் தன் ஐபோனை மூன்று நாள் இரவல் கொடுத்தாள். காலை பத்து மணிக்கு ஒரே கல்லை இரண்டு போனிலும் படம் எடுத்தேன். முதலில் வேப்பமர நிழலில் வைத்து, அப்புறம் பட்டறைக்குள் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வைத்து. நிழலில் எடுத்த இரண்டு படத்துக்கும் இருந்த வித்தியாசம் கொஞ்சம்தான். நிழல் படத்துக்கும் தார்ப்பாய்ப் படத்துக்கும் இருந்ததோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு போனிலும் அப்படியே. நான்கு வருடமாக நீல வெளிச்சத்தில் சிவப்புக் கல்லைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பாதிக் கதை அது. மீதி, பார்ப்பவருடைய திரையில் இருந்தது. ஐபோனில் ட்ரூ டோன் என்று ஒரு வசதி, அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையின் வெள்ளையை மாற்றிக் காட்டும். நைட் ஷிஃப்ட் போட்டிருந்தால் திரை மஞ்சளடிக்கும். கண்ணுக்கு இதம், நிறம் பார்க்க ஆகாது. அந்த ஆர்கிடெக்டிடம் இரண்டையும் நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னேன். இப்போது நான் நிழலில், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமெண்ட்டாக அனுப்புகிறேன். நான்காவது தடவை அவர் ஒத்துக்கொண்டார். ஆர்டர் உறுதியாகும் முன் சாம்பிள் கல்லை கூரியரில் அனுப்புவது மட்டும் மாறவில்லை. எந்தத் திரையையும் நம்பி நான் 1,000 அடி கல் போட மாட்டேன்.

உறைந்து நின்றதும் இப்படித்தான். சேமிப்பு இடம் முழுக்க மூன்று வருடத்து காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும். அதைத் துடைத்ததும் போன் எழுந்து நடந்தது. பேட்டரி மட்டும் உண்மையாகவே போயிருந்தது. சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி. நான் போனை வைப்பது வெயிலில் காயும் கல் அடுக்கின் மேல். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் 0 முதல் 35 டிகிரி வரை என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி போனாக இருந்தாலும் அந்தக் கல் அடுக்கின் மேல் வைத்தால் இதே கதிதான். லித்தியம் பேட்டரி உட்பட மின்வேதியியலை ஆராய சிக்ரி என்று ஒரு பெரிய மத்திய அரசு நிறுவனமே 1953 முதல் காரைக்குடியில் நடக்கிறது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நான் இப்படி.

ஆகவே குறை ஒன்றிருந்தால், அது போனை மாற்றினால் தீருமா, பேட்டரியை மாற்றினால் தீருமா, பழக்கத்தை மாற்றினால் தீருமா என்று பிரித்துப் பாருங்கள். என்னுடைய மூன்று குறையில் இரண்டு செலவில்லாமல் தீர்ந்தன.

இரவல் வாங்கி மூன்று நாள்

கடையில் கட்டிப்போட்டிருக்கும் போனை ஐந்து நிமிடம் தடவிப் பார்த்து எதுவும் தெரியாது. சொந்தத்தில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பை அதற்கு மாற்ற வேண்டாம். ஒரே எண்ணை இன்னொரு போனில் துணைக் கருவியாக இணைக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. உங்கள் பழைய போன் பாட்டுக்கு இருக்கும், இரவல் போனிலும் அதே உரையாடல்கள் வரும். முடிந்ததும் இணைப்பை நீக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதல் நாள் முழுக்க என் கட்டைவிரல் திரையின் வலது ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஆண்ட்ராய்டில் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் பின்னால் போகும். ஐபோனில் இடது ஓரம்தான், அதுவும் எல்லாச் செயலியிலும் இல்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. தமிழ்த் தட்டச்சுக்குப் பயந்திருந்தேன். தமிழ் 99, அஞ்சல் இரண்டும் ஐபோனிலேயே இருக்கின்றன. நான் பழகிய கூகுள் விசைப்பலகையையும் போட்டுக்கொள்ளலாம். வட்டக் குறி கோடாக மாறியது.

பிரிண்டர்தான் பெருக்கல் குறி. கையடக்கமான விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்கள் பல பழைய வகை புளூடூத்தில் வேலை செய்பவை. ஆண்ட்ராய்டோடு ஒட்டிக்கொள்ளும். ஐபோனோடு சேர வேண்டுமானால் அது குறைந்த மின்சக்தி வகை புளூடூத் பிரிண்டராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பிள் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். என்னுடையது இரண்டுமில்லை. கல் ஏற்றி முடித்து ஓட்டுநர் பில்லுக்கு நிற்கும்போது இரவல் போனும் பிரிண்டரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் கையால் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கடையில் பிரிண்டரோ, பார்கோடு கருவியோ, எடைத் தராசோ போனோடு பேசிக்கொண்டிருந்தால் அதை முதலில் சோதியுங்கள். பில் போடும் செயலி ஐபோனுக்கு உண்டா, இருந்தால் அதே வசதிகள் எல்லாம் அதில் உண்டா என்பதும் அதோடு சேர்த்தி.

இன்னொன்று. ஐபோன் படங்களை ஹெச்ஈஐசி என்ற வடிவத்தில் சேமிக்கும். காரைக்குடியில் நாங்கள் பேனர் அடிக்கிற இடத்தின் கணினி அதைத் திறக்கவில்லை. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மேட்ஸ், அதில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்தால் வழக்கமான ஜேபெக் ஆகிவிடும். சின்ன விஷயம், தெரியாதவரை பெரிய தலைவலி.

சிக்னலையும் உங்கள் வீட்டிலேயே பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கனம் தெரியும்தானே. கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் தரை அளவெடுக்கப் போனால், முகப்பில் நாலு கோடு காட்டும் சிக்னல், வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் செத்துவிடும். அங்கே இரண்டு போனும் ஒரே மாதிரிதான் செத்தன. அந்த வீட்டு வைஃபையில் போட்டு வைஃபை காலிங்கை இயக்கியதும் இரண்டும் பேசின. "இதுக்கு எதுக்குத்தா எண்பதாயிரம்" என்று ஆச்சி கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐபோன் பக்கம் எனக்கு உண்மையாகவே பிடித்தது ஒன்று உண்டு. அது மாமனார் விஷயம். ஐம்பது வருடம் சாந்தில் புழங்கிய விரல்கள். கட்டைவிரலில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடைக் கருவியிலிருந்து என் போன் வரை எல்லாம் அவர் விரலைத் திருப்பி அனுப்பிவிடும். இரவல் ஐபோனில் அவர் முகத்தைப் பதிந்து கொடுத்தேன். திரையை மேலே தள்ளியதும் திறந்தது. பூட்டிவிட்டு மறுபடி திறந்தார். நாலைந்து தடவை. அப்புறம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திறந்தார். ஆண்ட்ராய்டிலும் முகம் பார்த்துத் திறப்பது உண்டு, ஆனால் பலவற்றில் அது முன் கேமராவை மட்டும் நம்பியது. ஐபோனில் முகத்தின் மேடு பள்ளத்தையே அளந்து பார்க்கும் கருவி இருக்கிறது. சிமெண்டிலும் கரியிலும் மாவிலும் கை வைத்து வேலை செய்பவர்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்குத் தனியாகவே மதிப்பெண் கொடுக்கலாம்.

இரவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் முகத்தை நீக்கிவிட்டுக் கொடுத்தேன். மறந்துவிடாதீர்கள்.

விலை என்பது பெட்டி விலை மட்டுமில்லை

ஐபோன் 17 இந்தியாவில் வந்தபோது 82,900 ரூபாய், 256 ஜிபி. மாமனார் கேட்டார்: "ஸ்ரீபெரும்புதூர்ல செய்யறாங்கன்னு சொல்றியே, நமக்கு விலை குறைச்சுத் தர மாட்டானா?" நாம் மட்டும் ஆத்தங்குடிக்காரருக்குக் கல் விலையைக் குறைத்தா கொடுக்கிறோம் என்றேன். சிரித்துக்கொண்டார்.

அடிக்குப் பத்து ரூபாய் லாபம் நிற்கிறது என்று வைத்தால், அந்தப் போன் 8,290 சதுர அடிக் கல். நான் எதையும் இப்படித்தான் மாற்றிப் பார்ப்பேன். நீங்கள் உங்கள் தொழிலில் மாற்றிப் பாருங்கள், முறுக்கோ சேலையோ சம்பள நாளோ. அதன் மேல் கவர், திரைக்குக் கண்ணாடி. சார்ஜர் பெட்டியில் வராது, 2020 முதலே அப்படித்தான். ஆனால் ஐபோன் 15 முதல் டைப்-சி என்பதால் வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு சார்ஜரே போதும். கிளவுடில் ஆப்பிள் இலவசமாகக் கொடுப்பது 5 ஜிபி, கூகுள் கொடுப்பது 15 ஜிபி. ஐபோனுக்குப் போனால் பெரும்பாலும் மாதம் 75 ரூபாய் கட்டி 50 ஜிபி வாங்க வேண்டிவரும். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் கூடவே வராது, மறுபடி வாங்க வேண்டும்.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பதால் வகுத்துப் பாருங்கள். 82,900 ரூபாயை ஐந்து வருடத்துக்கு வகுத்தால் மாதம் 1,382 ரூபாய். 30,000 ரூபாய் போன் நாலு வருடம் வந்தால் மாதம் 625. ஐபோனை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள், அது உண்மைதான். ஆனால் 'ஐபோன்தான் நீண்ட நாள் அப்டேட் தரும்' என்ற பழைய வாதம் இப்போது அவ்வளவாகச் செல்லாது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2025இல் புது ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) வந்து அதைக் கைவிடும் வரை தாக்குப்பிடித்தது, ஏழு வருடம். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 வரிசை இரண்டுக்கும் அதே ஏழு வருட உறுதி கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளில்தான் இது குறையும், மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டும்.

சரி, துபாய் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். வரும்போது போன் கொண்டுவருவது சடங்கு மாதிரி. ஆனால் ஐபோன் 17இல் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் விற்பதில் ஒரு சிம் போடும் தட்டு உண்டு, அதோடு இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம். அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் விற்பதில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அமெரிக்க ஐபோன்கள் 2022இன் 14ஆம் மாடலிலிருந்தே அப்படி. ஐபோன் ஏர் மாடலோ எந்த நாட்டில் வாங்கினாலும் இ-சிம் மட்டும். சிம்மை இ-சிம்மாக மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் போன் கீழே விழுந்து திரை போய்விட்டால், சிம்மைக் கழற்றி பீரோவில் கிடக்கும் பட்டன் போனில் போட்டு ஓடிபி வாங்கும் வழி அடைபட்டுவிடும். எனக்கு அந்தப் பட்டன் போன் இரண்டு தடவை உயிர் கொடுத்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் துபாய் போனில் அடிபடும். போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 82,900 ரூபாய்க்குள் வரி மட்டும் ஏறக்குறைய 12,646. தொழிலுக்காக வாங்கி, பில்லில் பட்டறை பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால் அதை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கொழுந்தன் பெட்டியில் வரும் போனுக்கும் கிடையாது. நோ காஸ்ட் இஎம்ஐ என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் தனியாக ஏறும், அட்டைக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மண்டலம்

கல்லை அச்சிலிருந்து எடுத்ததும் விற்க மாட்டோம். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காய வைத்து, அப்புறம்தான். அவசரப்பட்டு எடுத்தால் வாங்கியவர் வீட்டில் போய் வெடிக்கும். புது போனும் எனக்கு அப்படித்தான். விற்பனை தொடங்கிய நாளிலிருந்து 48 நாள், ஒரு மண்டலம், பொறுக்கிறேன்.

சாம்சங் நோட் 7 நினைவிருக்கிறதா? 2016 ஆகஸ்டில் வந்தது, பேட்டரி தீப்பிடித்து செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள், அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2023இல் ஐபோன் 15 ப்ரோ வந்த புதிதில் சூடாகிறது என்று புகார் எழுந்து, 17.0.3 என்ற அப்டேட் வந்துதான் தணிந்தது. இரண்டுமே முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வெளியில் வந்துவிட்ட குறைகள். நானும் ஒரு தடவை வந்த முதல் வாரமே ஒரு போன் வாங்கினேன், எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரையில் தலையிலிருந்து கால் வரை ஒரு பச்சைக் கோடு. பொங்கல் படம் எல்லாவற்றிலும் அந்தக் கோடு.

பொறுப்பதில் இன்னொரு லாபம், பழைய மாடல் விலை இறங்கும். 17 வந்ததும் ஐபோன் 16 விலை 79,900இலிருந்து 69,900க்கு வந்தது. இடையில் தீபாவளித் தள்ளுபடி வந்து போய்விடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். போகட்டும். பொங்கல் இருக்கிறது.

பழைய மாடலை ஒருவர் பயன்படுத்தியதாக வாங்குவதானால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எனும் போனின் அடையாள எண்ணைப் பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், தடைசெய்த போனா என்று தெரிந்துவிடும்.

என் முடிவு, தம்பி முடிவு

என் அட்டையில் பிரிண்டருக்கு ஒரு பெருக்கல் குறி, யுபிஐக்கு ஒரு பெரிய வட்டம், மாமனார் முகத்துக்கு ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்காக 82,900 கொடுக்க மனம் வரவில்லை. நான் கட்சி மாறவில்லை. ஏழு வருட உறுதி உள்ள, போன வருடத்து ஆண்ட்ராய்டு ஒன்றை பட்டறை பெயரில் பில் போட்டு வாங்கினேன்.

கூடப்பிறந்த தம்பிக்கு அதே கேள்விகளில் வேறு பதில் வந்தது. அவன் காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறான். கைமுறுக்கு சுற்றுவது, மணகோலம் பிழிவது என்று நாள் முழுக்க வீடியோ போடுபவன், பிரிண்டர் கிடையாது, கை எப்போதும் மாவு. அவன் 16 வாங்கினான், சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் மாறிய விதத்தில் இரண்டு தப்புச் செய்தான். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒன்று, வெள்ளிக்கிழமை மாலை மாறினான். புதுக் கருவியில் யுபிஐ பதிந்தால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஐபோன் என்றால் பல வங்கிகளில் அது 72 மணி நேரம். சனிக்கிழமை எண்ணெய்க்காரருக்கு 18,000 கொடுக்க வேண்டும், ஆட்களுக்கு வாரக் கூலி வேறு. 5,000க்கு மேல் நகரவில்லை. பணம் உள்ளே வருவதில் தடையில்லை, வெளியே போவதில்தான். ஏடிஎம்மில் நின்று எடுத்தான். நீங்கள் மாறுவதாக இருந்தால் கூலி கொடுத்து முடித்த மறுநாள் மாறுங்கள், கையில் நாலு நாள் செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பதியும்போது வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பதால் அந்த சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு, கடையிலேயே பெட்டியைப் பிரித்து, போனைத் தயார் செய்து, வாட்ஸ்அப்பைப் புதிதாகத் தொடங்கிவிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் பழைய வாடிக்கையாளர் முகவரிகள் எங்கே என்று தேடினான். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குப் போன வாட்ஸ்அப் பிரதி ஐபோனில் திறக்காது. மூவ் டு ஐஓஎஸ் என்ற செயலியை பழைய போனில் போட்டு, ஐபோனை முதன்முதலாகத் தயார் செய்யும்போதே வாட்ஸ்அப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதே எண்ணோடு. ஏற்கெனவே தயார் செய்துவிட்டால் ஐபோனை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். அந்த இரண்டு நாளில் வந்த ஆர்டர்களைத் தாளில் எழுதிக்கொண்டு அழித்தோம். இரண்டு போனையும் சார்ஜில் போட்டு, ஒரே வைஃபையில் வைத்து, பழைய போனில் அந்தச் செயலியை விட்டு வெளியே வராமல் காத்திருந்தோம். ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு அழைப்பு வந்தால்கூட எடுக்காதே என்று அவனைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. உரையாடல், படம் எல்லாம் வந்தன. அழைப்புப் பட்டியல் வரவில்லை.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவர்கள், சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்தி பழைய இடத்துக்கே போகும். வாட்ஸ்அப்பை, புது போனைத் தயார் செய்யும்போதே கேபிள் மூலம் மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதை யோசித்துச் செய்யுங்கள். ஆன்லைனில் வாங்கினால், புது போனைக் கொண்டுவரும் ஆள் வாசலில் நின்றபடியே பழையதைக் கேட்பார். அப்போது மாற்றம் எதுவும் நடந்திருக்காது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் மூவாயிரம் நாலாயிரத்தை விட, பழைய போன் ஒரு மாதம் மேசை டிராயரில் கிடப்பது மேல். ஏதாவது செயலி, ஏதாவது வங்கி, ஏதாவது படம் அதில்தான் இருந்தது என்று மூன்றாவது வாரம் நினைவுக்கு வரும்.

ஒரு மாதம் ஆனதும் கணக்கை நீக்கிவிட்டு அழியுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கு, ஐபோன் என்றால் ஃபைண்ட் மை என்ற, தொலைந்த போனைத் தேடும் வசதி. நீக்காமல் அழித்தால் அடுத்தவர் கையில் அது பூட்டிய பெட்டிதான். என் பழைய போனுக்குப் புது பேட்டரி போட்டு, பட்டறையில் கல் எண்ணிக்கை எழுதும் பையனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிய கையோடு பிரிண்டரை அதில் இணைத்துவிட்டான். இப்போது லாரி ஓட்டுநருக்கு பில் அடிப்பதும் அவன்தான்.